ஒன்றரைச் சாண் உருவம், ஒன்பது மீட்டர் உடல்

ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பங்களை முன்வைத்து

சிங்கப்பூரில் சூலியா ஸ்திரீட் பக்கம் வேலை பார்க்கிறவர்களிடம் ஓசிபிசி வங்கிக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் வெண்கலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘எது, அந்த எலும்பு மாதிரி இருக்குமே, அதுவா?’ என்பார் ஒருவர். ‘ஏதோ பொம்பளை படுத்திருக்கிறதுன்னு சொல்றாங்க’ என்பார் இன்னொருவர். இரண்டு பதிலும் சரி. சொல்லப்போனால், இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும்படி செய்வதற்காகவே அந்தச் சிற்பி தன் வாழ்நாளைச் செலவழித்தார்.

சிற்பத்தின் பெயர் ‘படுத்திருக்கும் பெரிய உருவம்’. செய்தவர் ஹென்றி மூர் (1898–1986). நீளம் சுமார் 9 மீட்டர். மூரின் சிற்பங்களில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் இந்த உருவம் பிறந்தது இந்த அளவில் இல்லை. 1938இல் மூர் இதை ஈயத்தில் வார்த்தபோது அதன் நீளம் 33 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒன்றரைச் சாண். அந்தச் சின்ன உருவம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, மூர் எண்பத்தைந்து வயதை ஒட்டி இருந்தபோது, அதே உருவம் ஏறத்தாழ 27 மடங்கு நீண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1937இல் மூர் எழுதிய ஒரு கட்டுரையில், எந்தக் கற்பனைக்கும் அதற்கென்று பொருத்தமான ஓர் அளவு உண்டு என்று வாதிடுகிறார். பிரமாண்டம் என்பது நீள அகலத்தில் இல்லை, சில அங்குல உருவத்திலும் அது இருக்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு. அதை எழுதிய அடுத்த வருடம்தான் அந்த ஒன்றரைச் சாண் உருவத்தைச் செய்தார். அப்படியானால் எது சரியான அளவு? அன்றைக்குச் செய்ததா, இன்றைக்கு நிற்பதா? இளம் மூர் சொன்னதை முதிய மூர் மீறிவிட்டாரா?

இந்தக் கேள்வி சிற்பக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. சிறுகதைக்கான ஒரு தருணத்தை இழுத்து நாவலாக்கும் ஆசை நம் சூழலிலும் உண்டு. பத்து வரியில் முடிந்துவிட்ட கவிதையை நாற்பது வரிக்கு நீட்டுகிறவர்களையும் பார்க்கிறோம். ஒரு படைப்பு எப்போது வளர்கிறது, எப்போது வெறுமனே வீங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள மூரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

*

மூர் பிறந்தது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில், காசல்ஃபர்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தன் பிள்ளைகள் யாரும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ‘பால் வெட்டுற கத்தி என்னோட போகட்டும்’ என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தோட்டத்து அப்பாக்களை அறிந்த நமக்கு இந்த மனிதரைத் தெரியும்.

அம்மாவுக்கு முடக்குவாதம். சிறுவன் ஹென்றிதான் அவர் முதுகில் தைலம் தேய்த்துவிடுவான். 1950களில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகைச் செய்துகொண்டிருந்தபோது, தன் விரல்கள் அம்மாவின் முதுகையே தேடிக்கொண்டிருந்ததை உணர்ந்ததாக மூர் பின்னாளில் சொன்னார். கலைஞர்களின் இளமைக் கதைகளை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆனால் இந்தக் கதைக்கு அவருடைய சிற்பங்கள் சாட்சி சொல்கின்றன. அவருடைய உருவங்களில் முகம் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சின்னத் தலை, இரண்டு புள்ளிகள், சில சமயம் ஒரு கீறல். ஆனால் முதுகு, தோள், முழங்கால் ஆகிய மூன்றும் அவ்வளவு கவனத்தோடு இருக்கும். உடலைக் கண்ணால் அறிவதற்கு முன்பே கையால் அறிந்துவிட்ட ஒருவர் செய்தவை அவை.

முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1917இல் காம்ப்ரே போர்முனையில் நச்சுவாயுத் தாக்குதலுக்கு ஆளானார். உயிர் தப்பித் திரும்பியவர் முன்னாள் படைவீரர்களுக்கான உதவித்தொகையில் லீட்ஸ் கலைப்பள்ளிக்கும், பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்கும் போனார். பாடத்திட்டம் கிரேக்கச் சிலைகளைக் காட்டியது. அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய் மெக்சிகோ, ஆப்பிரிக்கா, எகிப்து என்று சுற்றிக்கொண்டிருந்தார். 1925இல் பாரிசில் ‘சாக்மூல்’ என்று அழைக்கப்படும் பழைய மெக்சிகோ கற்சிலை ஒன்றின் சுண்ணாம்பு வார்ப்பைப் பார்த்தார். மல்லாந்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிய உருவம். அது கிடந்தாலும் தூங்குவதில்லை. உடல் தரையோடு ஒட்டியிருக்க, கவனம் முழுவதும் விழித்திருக்கிறது. அதன்பிறகு அறுபது ஆண்டுகள் மூர் விடாமல் செய்த ‘படுத்திருக்கும் உருவம்’ இங்கிருந்துதான் கிளம்பியது.

அந்த நாட்களில் அவர் கல் செதுக்குகிறவர். களிமண்ணில் மாதிரி செய்து பிறரிடம் கொடுத்துக் கல்லில் பெயர்க்கும் வழக்கத்தை வெறுத்தவர். கல் கல்லாகத் தெரிய வேண்டும், அதைப் பிசைந்த சதைபோல் காட்டக் கூடாது என்பது அவர் தலைமுறையின் கொள்கை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

‘இயற்கையிலிருந்து ஊக்கம் பெற்ற சிற்பி’ என்று மூரைப் பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்லும். இது சொல்ல எளிதான, ஆனால் ஒன்றையும் சொல்லாத வாக்கியம். யார்தான் இயற்கையிலிருந்து ஊக்கம் பெறவில்லை? நம்மூரில் மலைமேல் நின்று இரண்டு படம் எடுத்தவரும் அதைத்தான் சொல்கிறார்.

மூர் இயற்கை என்று எடுத்துக்கொண்டது என்ன என்று பார்க்க வேண்டும். பூ இல்லை. இலையும் பறவையின் இறகும் அரிது. கூழாங்கல், சக்கிமுக்கிக்கல், கிளிஞ்சல், எலும்பு. இவை எல்லாவற்றிலும் உயிரோ நீரோ வேலை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அலை தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்தது கூழாங்கல். சதை போனபின் மிஞ்சியது எலும்பு. அழுத்தத்துக்குப் பிறகு எது நிற்கிறதோ அதுதான் அவருக்கு வடிவம்.

1937 கட்டுரையில் அவர் சொல்லும் ஒரு அனுபவம் முக்கியமானது. ஒரே கடற்கரைக்கு வருடா வருடம் போகிறார். ஒவ்வொரு வருடமும் வேறொரு வகைக் கல் கண்ணில் படுகிறது. முந்தைய வருடமும் அதே கற்கள் நூற்றுக்கணக்கில் அங்கேதான் கிடந்தன, ஆனால் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்கு மனம் எந்த வடிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறதோ அந்தக் கல்தான் தெரிகிறது. கடற்கரை அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது பதில் கொடுத்தது. எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பேருந்தில் கேட்ட ஒரு வசனம் கதையாகிறது என்றால், அந்தக் கதை ஏற்கெனவே உள்ளே காத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

பெர்ரி கிரீன் என்ற கிராமத்தில் அவர் கடைசிவரை வாழ்ந்த வீட்டருகே ஒரு சின்னப் பட்டறை உண்டு. அலமாரி முழுக்க எலும்பும் கல்லும். ஒரு சக்கிமுக்கிக்கல்லை எடுப்பார். அதன்மேல் களிம்பை அப்பி ஒரு தலை, ஒரு முழங்கால் சேர்ப்பார். கல் உடலாகத் திரும்பும். எல்லாம் கைக்குள் அடங்கும் அளவில்தான். அதைத் திருப்பித் திருப்பி, அடிப்பக்கத்திலிருந்தும் பார்ப்பார். 1960களின் கடைசியில் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அவருக்கு ஒரு யானை மண்டையோட்டைக் கொடுத்தார். மூர் அதை வெளியிலிருந்து வரைவதோடு நிறுத்தவில்லை. உள்ளே புகுந்து பார்த்தார். குகைகள், தூண்கள், நடைவழிகள் என்று அந்த ஓவிய வரிசை விரிகிறது. எலும்பு ஒரு கட்டடமாக இருப்பதை அதில் பார்க்கலாம்.

இந்தப் பார்வையில்தான் அவருடைய பிரபலமான ‘ஓட்டை’களும் வருகின்றன. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெட்டவெளி. ‘சதையைக் காணோமே’ என்று பார்க்கிறவர் நினைப்பார். ஆனால் எலும்புக்கு அப்படித்தான் இருக்கிறது. இடுப்பெலும்பை எடுத்துப் பாருங்கள், அதன் நடுவே உள்ள வெற்றிடம்தான் அதன் முக்கியமான பகுதி. குழந்தை பிறப்பது அந்த வழியாகத்தான். மூரின் உருவங்களில் வெளியை அடைத்துக்கொள்வது உடலின் நோக்கமில்லை. வெளியை ஏந்திக்கொள்வதே நோக்கம்.

*

கல்லுக்கு விசுவாசமாக இருந்தவர் உலோகத்துக்கு ஏன் வந்தார்? ஓட்டைகளால்தான் என்று சொல்லிவிடலாம். கல்லில் ஓரளவுக்கு மேல் குடைந்தால் உடைந்துவிடும். உடலை இன்னும் திறக்க வேண்டும், கைகால்களை இன்னும் மெலிதாக்க வேண்டும் என்றால் இழுவிசையைத் தாங்கும் பொருள் வேண்டும். 1930களின் இறுதியில் வெண்கலத்துக்குக் காசில்லை. ஈயம் மலிவு, குறைந்த வெப்பத்தில் உருகும். வீட்டு அடுப்பில், மனைவி இரினாவின் சமையல் பாத்திரங்களிலேயே அதை உருக்கினார். ஓசிபிசியின் ஒன்பது மீட்டர் உடலின் மூலம் ஒரு சமையலறைச் சாமான்.

முறை நமக்குப் பழக்கமானது. மெழுகில் உருவம் செய்வது, அதைச் சுற்றி அச்சு கட்டுவது, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவது, காலியான இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சுவாமிமலைத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம். ஐரோப்பியப் பெருஞ்சிற்பங்கள் பொள்ளல் வார்ப்பு. பகுதி பகுதியாக வார்த்து, பற்றவைத்து, இணைப்புத் தெரியாமல் தேய்த்துவிடுவார்கள். மூரின் பெரிய வெண்கலங்கள் எல்லாம் வெளியே மலைபோலத் தெரிகிற, உள்ளே காலியான கூடுகள். வெற்றிடத்தையே உடலின் உறுப்பாக்கிய ஒருவருக்கு இந்தத் தொழில்நுட்பம் வாய்த்தது பொருத்தம்தான்.

மெழுகோ சுண்ணாம்போ இளகிய பொருள் என்பதால் மூரின் கைத்தடம் நேரடியாகப் பதிகிறது. அரத்தால் ராவிய கோடுகள், உளியின் கீறல்கள் எல்லாம் அப்படியே வெண்கலத்துக்கு வந்துவிடும். நல்ல மூர் வெண்கலம் ஒன்றை அருகில் போய்ப் பார்த்தால் வழுவழுப்பான பகுதியும் சொரசொரப்பான பகுதியும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம். முழங்கால், தோள்பட்டை என்று எலும்பு தோலுக்கு அருகே வரும் இடங்கள் இறுகிப் பளபளக்கும். மற்ற இடங்களில் கீறல்கள் ஓடும். தைலம் தேய்த்த பையனின் விரல் அங்கேதான் இருக்கிறது.

*

மூரை ‘அமைதியான தாய்மைச் சிற்பி’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒரு படைப்பைப் பார்க்க வேண்டும். ‘கேடயம் ஏந்திய வீரன்’, 1953–54.

அதற்கு முன்பு கொஞ்சம் பின்னணி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மேல் குண்டு வீசியபோது மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துத் தூங்கினார்கள். மூர் அவர்களை வரைந்தார். நடைமேடை முழுக்க வரிசையாகப் படுத்திருக்கும் உடல்கள். பதினைந்து ஆண்டுகளாக அவர் கல்லில் தனியாகச் செய்துகொண்டிருந்த படுத்திருக்கும் உருவம் திடீரென்று ஆயிரமாகப் பெருகி எதிரே கிடந்தது. பிறகு சொந்த ஊருக்குப் போய், அப்பா வேலை பார்த்த சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்களை வரைந்தார். பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று அப்பா தடுத்த இடம் அது.

1952 கோடையில் கடற்கரையில் ஒரு கூழாங்கல் கிடைத்தது. இடுப்போடு வெட்டப்பட்ட காலின் மிச்சம்போல் இருந்தது. அதிலிருந்து ஒரு உடலை வளர்த்தார். முதலில் படுத்திருந்தது. பிறகு கேடயம் சேர்ந்தது. உருவம் எழுந்து உட்கார்ந்தது. தனித்து நிற்கும் முழு ஆண் உருவத்தை மூர் செய்தது ஏறக்குறைய இதுதான் முதல்முறை.

அந்த வீரனுக்கு ஒரு கை இல்லை. கால்கள் முழுசாக இல்லை. தலை நடுவே பிளந்திருக்கிறது. மிச்சமிருக்கும் கையில் கேடயம், மேலே பார்த்தபடி. அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தெரிந்தவன்போல் இருக்கிறான். வழக்கமான போர் நினைவுச் சின்னங்களில் உடல் முழுமையாக இருக்கும், துயரம் முகத்தில் இருக்கும். இங்கே முகமே கிடையாது. துயரம் எல்லாம் வெட்டுப்பட்ட ஓரங்களில் இருக்கிறது. ஆனால் அந்த ஓரங்கள் கூழாங்கல்லின் ஓரங்கள், வழவழப்பாகத் தேய்ந்தவை. காயமா, தேய்மானமா? போர் வெட்டியதா, கடல் தின்றதா? பிரிக்க முடியவில்லை. போரைக் கடலளவு பழைய ஒன்றாக ஆக்குவது ஒரு வகையில் போர் செய்தவர்களைத் தப்பிக்க விடுவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிளந்த தலையின் முன்னால் ‘இது இயற்கை’ என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. அடிபட்டது கல் இல்லை, ஆள் என்று அந்தக் கேடயக் கை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இயற்கை வடிவமும் மனித வடிவமும் மூரிடம் சேர்கின்றன என்றால் இப்படித்தான். ஒன்றை ஒன்று அலங்கரிப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சந்தேகத்தை உண்டாக்குகிறது.

*

புகழ் வந்தபின் நிலைமை மாறியது. 1948இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பரிசு. அதன்பிறகு உலகம் முழுவதும் நகர மன்றங்களும் பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் ஒரு மூர் வேண்டும் என்று கேட்டன. கைக்குள் அடங்கும் மாதிரியை மூர் செய்வார். உதவியாளர்கள் அதை அளந்து நடுத்தர அளவுக்கும், பிறகு பெரிய அளவுக்கும் கொண்டுபோவார்கள். வார்ப்புக்கூடம் அதை வெண்கலமாக்கும். ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் பல நாடுகளுக்குப் போகும். நேரடியாகச் செதுக்காத சிற்பியை ஒரு காலத்தில் மறுத்தவர் இவர்.

அடுத்த தலைமுறை சும்மா இருக்கவில்லை. 1967இல் டேட் கலைக்கூடத்துக்கு மூர் தன் படைப்புகளைப் பெருமளவில் நன்கொடையாகத் தர முன்வந்தபோது, அவற்றுக்காகப் பொது இடமும் பணமும் ஒருவருக்கே போவதை எதிர்த்து 41 கலைஞர்கள் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஆன்டனி காரோவும் ஒருவர், மூரிடமே உதவியாளராக வேலை பார்த்தவர். காரோ பீடத்தை விட்டு இறக்கிச் சிற்பத்தைத் தரையிலேயே வைத்தவர், இரும்பைப் பற்றவைத்துச் செய்தவர். அவர்களுக்கு மூர் ஒரு நிறுவனமாகிவிட்டார்.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. பிற்கால மூர் வெண்கலங்களில் பல, கட்டடத்தின் முன்னால் ஏதாவது வளைவாக ஒன்று வைக்க வேண்டும் என்பதற்காக வைத்தவைபோல் இருக்கின்றன. பெட்டிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு உருண்டை, ‘நாங்களும் மனிதர்கள்தான்’ என்று நிறுவனம் சொல்லிக்கொள்ள வசதி.

ஆனால் பெரிதாக்கியதாலேயே உயிர்பெற்றவையும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உள்ள ‘அணுசக்தி’ ஓர் எடுத்துக்காட்டு. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழுவினர் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நிகழ்த்திய இடத்தில், சரியாக 25 ஆண்டுகள் கழித்து 1967இல் திறந்து வைக்கப்பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் காளான் மேகம், இன்னொரு பக்கம் மண்டையோடு, கீழே கோயில் மண்டபத் தூண்கள்போல் தாங்கும் கால்கள். இதன் சிறிய வடிவம் ஹிரோஷிமாவில் இருக்கிறது. சிறியதில் அது மண்டையோடாகத்தான் தெரிகிறது. மனிதனைவிட உயரமாக நிற்கும்போதுதான் மேகத்தின் அடியில் நாம் நிற்கிறோம் என்பது உறைக்கிறது. அளவு அங்கே அர்த்தத்தின் பகுதி.

ஆகவே என் அளவுகோல் இது. பெரிதாக்குதல், பார்க்கிறவரின் உடலுக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தால் அது வளர்ச்சி. பழைய வேலையையே தூரத்திலிருந்து செய்யச் சொன்னால் வீக்கம்.

*

இனி ஓசிபிசி. கட்டடம் ஐ. எம். பெய் வடிவமைத்தது, 1976இல் முடிந்தது. தட்டையான முகப்பில் ஜன்னல்கள் பொத்தான்கள்போல் இருப்பதால் ‘கால்குலேட்டர்’ என்று பெயர் வாங்கியது. பெய்யின் கட்டடங்களுக்கும் மூரின் வெண்கலங்களுக்கும் பழைய உறவு. டல்லாஸ் நகர மன்றத்திலும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்திலும் அவை சேர்ந்தே இருக்கின்றன.

இடத்துக்கும் ஒரு வரலாறு. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். அருகே மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன, 1970களின் மறுசீரமைப்பில் அவை போய்விட்டன. இப்போது ஆற்றங்கரையில் ‘செட்டியார்களிலிருந்து நிதியாளர்கள்வரை’ என்ற பொருளில் ஒரு வெண்கலக் குழு இருக்கிறது. கெவெனா பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் பையன்களை சோங் ஃபா சியோங் செய்திருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் அந்தப் பையன்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்த்தவுடன் புரிகிறது, நினைவைத் தூண்டுகிறது, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒருமுறை புரிந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. மூரின் உருவம் யாருடைய கதையையும் சொல்வதில்லை. அதனால்தான் அது அந்த இடத்துக்கு அந்நியமாகவும் தெரிகிறது. யார்க்‌ஷயர் குன்றுகளை மனதில் வைத்த உடலுக்கு சூலியா ஸ்திரீட்டில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டால் என்னிடம் முழுத் திருப்தியான பதில் கிடையாது.

உருவத்தை மட்டும் பார்ப்போம். 27 மடங்கில் தொலைந்தது எது? கை. ஒன்றரைச் சாண் ஈய உருவத்தின் வளைவுகள் கட்டைவிரல் வழித்தெடுத்த தடிமனில் இருக்கின்றன. அந்த மெலிவில் ஒரு ஆபத்து உண்டு, அழுத்தினால் வளைந்துவிடும் என்ற பயம். ஈயம் வளையக்கூடியதுதான். ஒன்பது மீட்டர் வெண்கலத்தில் அந்தப் பயம் கிடையாது. அதே வளைவு அங்கே பாலம்போல் உறுதியாக இருக்கிறது. 1938இல், அடுத்த போர் வாசலில் நின்றபோது, ஒரு உடலை இவ்வளவு திறந்து, இவ்வளவு மெலிதாக, அதுவும் ஈயத்தில் செய்ததில் ஒரு நடுக்கம் இருந்திருக்கிறது. வங்கி வாசலில் அந்த நடுக்கம் போய்விட்டது. இது பெரிய இழப்பு.

கிடைத்தது எது? சிறிய உருவத்தை நாம் மேலிருந்து பார்க்கிறோம். பெரியதைக் கீழிருந்தும் ஊடாகவும் பார்க்கிறோம். வயிற்றின் வெற்றிடம் வழியே தெருவும் கட்டடமும் போகிற வருகிற ஆட்களும் தெரிகிறார்கள். ஒரு அடி நகர்ந்தால் உள்ளே தெரிவது மாறுகிறது. நீளவாக்கில் நின்றால் மலைத்தொடர், கால்மாட்டில் போய் நின்றால் எல்லாம் சுருங்கி ஒரு குகைவாய். யானை மண்டையோட்டுக்குள் மூர் கண்டது இங்கே நம் உடம்புக்கே கிடைக்கிறது. என் அளவுகோலில், இது வீக்கம் இல்லை. வேறொரு படைப்பு. பழையதன் பெயரையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் பயத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறது.

அதனால் 1937இல் சொன்னதை மூர் மீறினார் என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. அந்தக் கற்பனைக்கு உரிய அளவு 33 சென்டிமீட்டர்தான். 9 மீட்டரில் அது வேறு கற்பனையாகிவிட்டது. சிறுகதையை நாவலாக்குகிறவர்களுக்கும் இதுதான் பாடம் என்று நினைக்கிறேன். பக்கங்களை மட்டும் கூட்டினால் இழப்பு மட்டும்தான் மிஞ்சும். நீளத்தில் வாசகர் நடந்து போக ஒரு வழி திறக்க வேண்டும், அதற்குப் பழைய கதையின் ஏதோ ஒரு அருமையான விஷயத்தைக் கொடுத்துவிடவும் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்காது.

2005 டிசம்பரில் பெர்ரி கிரீனிலிருந்து மூரின் இன்னொரு படுத்திருக்கும் உருவத்தைத் திருடர்கள் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எடை 2.1 டன், மதிப்பு 30 லட்சம் பவுண்டு. அது திரும்பக் கிடைக்கவே இல்லை. துண்டு போட்டு உருக்கப் பழைய உலோகமாக விற்றிருப்பார்கள், அதிகபட்சம் 1500 பவுண்டு கிடைத்திருக்கும் என்பது பிரிட்டிஷ் போலீசாரின் முடிவு. வெண்கலத்தின் எடைக்கு விலை அவ்வளவுதான். மீதி முழுக்க வடிவத்துக்கு. வடிவத்துக்குள்ளும் பெரும்பகுதி, உலோகமே இல்லாத அந்த ஓட்டைகளுக்கு. ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். பார்க்கக் காசு கிடையாது. தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஒரு சுற்று முழுசாக நடந்து பாருங்கள்.